ஒரே மேசையில் மொழிபெயர்ப்பும் லேஅவுட்டும்

1849-ல் மாண்டரே நகரில் கூடிக் கலிஃபோர்னியாவின் முதல் அரசமைப்பை எழுதியவர்களில் சிலருக்கு ஆங்கிலம் வராது. முந்தைய ஆண்டுவரை அது மெக்சிகோவின் நிலம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பேசியது ஸ்பானியம். கூட்டத்தில் மொழிபெயர்க்க வில்லியம் ஹார்ட்னெல் அமர்த்தப்பட்டார். இங்கிலாந்தில் பிறந்து, கலிஃபோர்னியாவில் குடியேறி, உள்ளூர்க் குடும்பத்தில் பெண் எடுத்தவர். சட்டங்களும் ஆணைகளும் இரண்டு மொழிகளிலும் வெளியாக வேண்டும் என்ற விதியும் அந்த அரசமைப்பில் இடம்பெற்றது. அது முப்பது ஆண்டுதான் தாங்கியது. 1879-ல் வந்த புதிய அரசமைப்பு, அரசின் எழுத்துவேலை எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே என்று சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழிபெயர்ப்பின் கதை பெரும்பாலும் இந்தப் போக்கில்தான் நகர்கிறது. சட்டம் இடம் கொடுத்தால் கூலி கிடைக்கும். கொடுக்காதபோது பத்திரிகை, தேவாலயம், தொழிற்சங்கம் என்று யாராவது அந்தச் சுமையைத் தூக்குவார்கள். கூலி பற்றிப் பேச்சே இருக்காது.

லாஸ் ஏஞ்சலஸில் 1855 ஜூனில் 'எல் கிளாமோர் பூப்ளிகோ' என்ற ஸ்பானிய வார இதழைத் தொடங்கிய ஃபிரான்சிஸ்கோ ராமிரெஸுக்கு அப்போது 18 வயது. அதற்கு முன் 'லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டார்' என்ற ஆங்கில இதழில் அச்சுக்கோப்பவராக இருந்து, அதன் ஸ்பானியப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர். எழுதவும் தெரியும், மொழிபெயர்க்கவும் தெரியும், ஈய எழுத்துகளைக் கோக்கவும் தெரியும். மெக்சிகோ வம்சாவளியினர் மீதான கும்பல் வன்முறையை அச்சமின்றிக் கண்டித்தார். சந்தா வரவில்லை, 1859-ன் கடைசி நாளோடு இதழ் நின்றுபோனது. பிற்காலத்தில் மாநில அரசின் மொழிபெயர்ப்பாளராகவும் அவர் வேலை பார்த்தார். ஒரே ஆள் மொழியையும் பக்கத்தையும் சேர்த்துச் சுமக்கும் வழக்கம் கணினியால் வந்தது என்று நினைப்பவர்கள் ராமிரெஸை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நூறாண்டு கழித்தும் நிலைமை அதிகம் மாறிவிடவில்லை. சேசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கம் 1960-களின் நடுவில் டெலானோ ஊரிலிருந்து கொண்டுவந்த 'எல் மால்க்ரியாதோ' முதலில் ஸ்பானியத்தில்தான் வந்தது. ஆங்கிலப் பதிப்பு பிறகுதான். ஆண்டி செர்மேனோவின் கேலிச்சித்திரங்களுக்காகவே எழுத்தறியாதவர்களும் அதை வாங்கினார்கள். இப்படிப்பட்ட சிறு இதழ்களின் பக்கங்கள் கத்தி, பசை, அட்டையோடுதான் உருவாயின. தட்டச்சு செய்த பத்திகளை வெட்டி ஒட்ட வேண்டும். அமெரிக்கத் தட்டச்சுப் பொறியில் ஸ்பானியத்தின் 'எஞே' எழுத்து கிடையாது. 'என்' எழுத்தை அடித்துவிட்டு, அதன் தலைக்கு மேல் நெளிகோட்டைப் பேனாவால் போட வேண்டும். உயிரெழுத்துகளின் மேல் வரும் சாய்கோடும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

1975-ல் வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆங்கிலம் சரளமாக வராத ஸ்பானிய மரபினர், ஆசியர், பூர்வகுடி வாக்காளர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் இடங்களில், வாக்குச்சீட்டு முதல் அறிவிப்புவரை அவர்கள் மொழியிலும் தர வேண்டும் என்றானது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கான கூட்டாட்சிச் சட்டம் 1978-ல் வந்தது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹிஸ்பானியர் 1.46 கோடி. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தேர்தல் அலுவலகத்துக்கும் ஸ்பானியத் தாள் தேவைப்பட்டது. அதைத் தயாரிக்கும் வழிதான் இன்னும் செலவு பிடித்ததாக, மெதுவானதாக இருந்தது.

1985-ல் அந்த முடிச்சு அவிழ்ந்தது. ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, அதற்குள் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழி, சியாட்டிலில் பால் பிரெய்னர்ட் தொடங்கிய ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருள். 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற பெயரைப் பரப்பியவரும் பிரெய்னர்ட்தான். நம்மூர்த் தெருக்களில் 'டி.டி.பி. சென்டர்' பலகைகள் தொங்கியது அந்தப் பெயரால். லேசர்ரைட்டர் 6,995 டாலர், பேஜ்மேக்கர் 495 டாலர். மெக்கின்டாஷ் கணினியையும் சேர்த்தால் சுமார் 10,000 டாலர். சிறு சங்கத்துக்குப் பெரிய தொகைதான். ஆனால் கணினியை மட்டும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்தை வெளியே அச்செடுக்க வழி இருந்தது. தனியாகத் தொழில் செய்ய நினைத்தவருக்கு அது போதும்.

மெக்கின்டாஷில் ஆப்ஷன் விசையோடு 'என்' விசையைத் தட்டி, பிறகு இன்னொரு முறை 'என்' தட்டினால் எஞே வந்துவிடும். டாஸ் கணினிக்காரர்கள் ஆல்ட் விசையை அழுத்தியபடி 164 என்று அடிக்க வேண்டும். தலைகீழ்க் கேள்விக்குறிக்கு 168, தலைகீழ் வியப்புக்குறிக்கு 173. மெக்கின்டாஷுக்கும் விண்டோஸ் கணினிக்கும் இடையே ஃபைல் போனால் வந்தது வினை. மெக்கின்டாஷ் எஞேவுக்குக் கொடுத்த எண், விண்டோஸில் சிறு கோட்டுக்கு உரியது. மாற்றித் தராமல் திறந்தால் எஞே இருந்த இடங்களில் எல்லாம் ஒரு கோடு கிடக்கும். ஃபாண்டுக்கு ஒரு குறியேற்றம் என்று தமிழ் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொல்லைதான்.

கருவி கைக்கு வந்த நேரத்தில் வேலையும் வந்தது. ரீகன் 1986 நவம்பரில் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படியான குடியிருப்பு பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். விண்ணப்பிக்க உதவுவதற்கு தேவாலய அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் அரசே அங்கீகரித்தது. என்னென்ன சான்று வேண்டும், எங்கே வர வேண்டும் என்று சொல்லும் துண்டறிக்கைகள் அவசரமாகத் தேவைப்பட்டன.

அப்படி ஒரு துண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். மூன்றாக மடித்தால் ஆறு முகம். ஆங்கிலத்தில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்திருக்கும் உரை, ஸ்பானியத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை நீளும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர், லேஅவுட் செய்பவர் வேறொருவர் என்றால், லேஅவுட்காரர் எழுத்தைச் சிறிதாக்குவார், வரி இடைவெளியை இறுக்குவார். முதிய வாசகர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார். இரண்டும் ஒருவரே என்றால் எழுத்தைத் தொடாமல் வாக்கியத்தையே சுருக்குவார்; தலைப்பைத் திருத்துவார்; நான்காம் முகத்தில் வழிவதை ஐந்தாம் முகத்துக்குத் தள்ளுவார். இந்தத் தொழில் ஒரே மேசையில் நிலைத்ததற்கு, மலிவைவிட இதுவே நல்ல காரணம்.

மென்பொருள் தெரிந்த, ஸ்பானியம் தெரியாத கைகள் செய்யும் பிழைகளும் உண்டு. ஆங்கில விதிப்படி வரிமுனையில் சொல்லை உடைப்பார்கள். தலைப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்து போடுவார்கள். சமூகத் தொலைபேசிக் கையேட்டின் அகரவரிசையிலும் சிக்கல் இருந்தது. ஸ்பானியத்தில் 'சி-எச்', 'இரட்டை எல்' ஆகியவை தனி எழுத்துகளாக வரிசைப்படுத்தப்பட்டு வந்தன. மொழி அகாடமிகளின் கூட்டமைப்பு 1994-ல்தான் அதைக் கைவிட்டது.

கூலி விஷயத்தில் இந்த இரட்டைத் திறமை நன்மையே செய்தது என்று சொல்ல முடியாது. மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கு, லேஅவுட்டுக்கு மணிக் கணக்கு அல்லது பக்கக் கணக்கு. இரண்டையும் ஒருவர் செய்தால் ஒன்றை இலவச இணைப்பாக எண்ணிவிடுவது வாடிக்கையாளர் இயல்பு. பெரும்பாலும் அந்த ஒன்று மொழிபெயர்ப்பாகவே இருக்கும். வீட்டில் பேசும் மொழிதானே என்ற எண்ணம்!

பிறகு கருவிகளே தொழிலை அரிக்கத் தொடங்கின. ஆல்டஸை அடோபி 1994-ல் வாங்கியது. 1999-ல் அடோபியின் இன்டிசைன் வந்தது. பேஜ்மேக்கர் 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றது. கூகுள் டிரான்ஸ்லேட் 2006, வடிவமைப்புத் தளமான கான்வா 2013. தேவாலய அலுவலக உதவியாளரே ஒரு மாலைப்பொழுதில் அறிவிப்பு தயாரித்துவிடுகிறார். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வேலையை யார் செய்வது என்பதைக் கருவி முடிவு செய்தது. எவ்வளவு வேலை என்பதைச் சட்டம் முடிவு செய்தது. ஆங்கிலம் வராதவர்களுக்கும் கூட்டாட்சிச் சேவைகள் எட்ட வேண்டும் என்று கிளின்டன் 2000 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். டிரம்ப் 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அலுவல் மொழியாக அறிவித்து, கிளின்டனின் அந்த ஆணையை ரத்து செய்தார். வாக்குரிமைச் சட்டத்தின் மொழிப் பிரிவு நாடாளுமன்றம் இயற்றியது. ஆணையால் அதைத் தொட முடியாது. அந்தப் பிரிவின்கீழ் 2021-ல் வெளியான பட்டியலில் 331 ஆட்சிப்பகுதிகள் உள்ளன. கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃபுளோரிடா ஆகியவை ஸ்பானியத்துக்காக மாநில அளவிலேயே அதில் அடக்கம்.