அன்னா மாணி

அன்னா மாணி (23 ஆகஸ்ட் 1918 – 16 ஆகஸ்ட் 2001): இந்திய இயற்பியலாளர், வானிலையியலாளர். திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1940-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. இராமனிடம் ஆய்வு மாணவியானார்.

வைர ஆய்வு: முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலையைப் பதிவு செய்தார். வைரங்களின் ஒளிர்வு மிக மங்கலானது. ஓர் ஒளிப்படத் தகட்டில் அது பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். அதனால் இரவிலும் ஆய்வகத்திலேயே தங்க நேர்ந்தது. 1942–1945-இல் தனிப் பெயரில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆனால் முதுகலைப் பட்டம் இல்லை என்று கூறி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்க மறுத்துவிட்டது.

வானிலைப் பணி: இலண்டனில் கருவியியல் பயின்று, 1948-இல் புணேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை உள்நாட்டிலேயே தயாரிக்க வழிசெய்தார். 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் கதிரவக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை அமைத்தார். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

தாக்கம்: 1980-இல் இவர் வெளியிட்ட இந்தியக் கதிரவக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு அடிப்படை நூலானது. வானம் பார்த்த பூமியில் வெயிலும் கணக்கிடத்தக்க வளமே என்பதற்கு இத்தகைய அளவீடுகளே ஆதாரம்.