ஓலைச்சுவடியும் கம்பைலரும்



பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் தொண்டாமுத்தூர் வந்திருந்தான். "என்ன வேலை கண்ணு?" என்றேன். "எழுதற புரோகிராமைக் கம்பைலர் சொல் சொல்லாப் பிரிக்கணுங்க சார். லெக்சிகல் அனாலிசிஸ்னு பேரு. அந்த வேலைதானுங்க" என்றான். மூணாம் வகுப்பில் நான் காலமெல்லாம் செய்தது அதுதானே என்று சிரித்துவிட்டேன்.

நம் ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சா., பொருள் காண்பதற்கு முன் சொல்லைப் பிரிக்க வேண்டியிருந்தது. 'பலகையொலி' என்றால் பலகையின் ஒலியா, பல கைகளின் ஒலியா?

கணினிக்கும் இதே சங்கடம். 1957-இல் ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி, சுவடி மாதிரியே இடைவெளியைக் கண்டுகொள்ளாது. 'டூ 10 ஐ = 1,10' என்றால் ஒரு வேலையைப் பத்து முறை செய் என்று கட்டளை. காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெறும் புள்ளி விழுந்தால், 'டூ10ஐ' என்ற பெயருக்கு 1.10 என்ற மதிப்பைக் கொடு என்று ஆகிவிடும்! காற்புள்ளி வரை போய்ப் பார்த்தால்தான் முதல் சொல் எதுவென்றே தெரியும்.

1975-இல் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் (பின்னாளில் கூகுள் தலைவரானவரேதான்) 'லெக்ஸ்' என்ற கருவியைச் செய்தார்கள். சொற்களின் வடிவத்தைச் சொல்லிவிட்டால், பிரிக்கும் நிரலை அதுவே எழுதித் தரும். அதன் விதி, முடிந்தவரை நீளமான சொல்லை எடு என்பது. 'பல'வில் நிற்காது, 'பலகை' வரை போகும். உ.வே.சா.வுக்கு அப்படி ஒரு விதி போதாது. இடம் பார்த்து, பொருள் பார்த்துப் பிரித்தவர் அவர்.

தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய மொழி 'எழில்'. 2009-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்பவை அதில் கட்டளைகள். நமக்கு 'முடி' இரண்டெழுத்து. யூனிகோடில் ம, உகரக் குறி, ட, இகரக் குறி என நான்கு. நிரலில் யாராவது 'முடிவு' என்று பெயர் வைத்தால் 'முடி'யோடு நின்றுவிடக் கூடாது. நீளமான சொல் விதி இங்கேயும் வேண்டும்.

ஆங்கிலத்துக்குப் பயந்து, பிளஸ் ஒன்னில் கணினிப் பாடம் எடுக்கத் தயங்கிய இரண்டு பிள்ளைகளிடம் "வேண்டாஞ் சாமி, வேற குரூப் எடு" என்று சொன்னவன் நான். எழில் அப்போது எனக்குத் தெரியாது. அந்த இருவரும் இதைப் படிப்பார்கள்.

மாணவன் லேப்டாப்பில் எழிலைத் திறந்து தந்தான். 'பதிப்பி' என்று அடித்து, மேற்கோள்குறி போட்டு, 'வணக்கம்' என்றேன். குறியை மூட மறந்துவிட்டேன். பிழை காட்டியது. மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன், வணக்கம் வந்தது.