தாய்த்தண்டு வீழ்ந்தும் வாழும் ஆலமரம்

சென்னையில் அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம் உள்ளது. 1875-இல் நியூயார்க்கில் தோன்றிய இச்சபை, 1882-இல் இங்கிருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கித் தன் தலைமை நிலையமாக்கிற்று. பின்னர் அண்டை நிலங்களும் சேர்ந்தன. அன்னி பெசன்ட் அம்மையார் தலைவராயிருந்த காலத்தில் (1907–1933) இத்தோட்டத்துப் பேராலமரத்தின் நிழலே சொற்பொழிவு மண்டபமாகவும் பயன்பட்டது.

இம்மரத்தின் வயது சுமார் 450 ஆண்டுகள் என மதிப்பிடுவர். அவ்வாறாயின், 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் நிலம் பெறுவதற்கு முன்பே இது முளைத்திருக்க வேண்டும். 1989-இல் வீசிய புயலில் இதன் தாய்த்தண்டு வீழ்ந்தது. எனினும் மரம் இன்றும் தழைத்து நிற்கிறது. இது எவ்வாறு இயலும்?

கிளையிலிருந்து தொங்கும் விழுது முதலில் மெல்லிய வேரே. மண்ணைத் தொட்டதும் அது பருத்துத் தூணாகிறது; நீரையும் உப்புக்களையும் தானே உறிஞ்சிக் கிளைக்கு அளிக்கிறது. பாரத்தைத் தாங்குவதிலும் அதன் பங்கு பெரிது. ஒரு முனை மட்டும் சுவரில் பதிக்கப்பட்ட, நெடுகச் சீரான எடையுடைய சட்டத்தைக் கருதுவோம். அதன் மறுமுனைக்கு முட்டுக் கொடுத்தால், சுவரருகே அதனை வளைக்கும் திருப்புத்திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும். விழுதும் கிளைக்கு அத்தகைய முட்டே. ஆகவே தாய்த்தண்டு மறைந்தாலும் கிளைகள் நிற்கின்றன. கல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரவியல் தோட்டத்து ஆலமரமும் 1864, 1867-ஆம் ஆண்டுப் புயல்களில் சிதைந்து பூஞ்சணத்துக்கு இரையாயிற்று. அதன் தாய்த்தண்டை 1925-இல் அகற்றினர். மரமோ இன்றும் பரந்து வளர்கிறது.

ஆயினும் ஓர் இழப்பு உண்டு. மரத்தின் மிகப் பழைய கட்டை தாய்த்தண்டின் நடுவில் இருப்பது. கதிரியக்கக் கார்பனைக் கொண்டு வயதறிய அதுவே வேண்டும். எஞ்சிய விழுதுகளைச் சோதித்தால் அவற்றின் வயது தெரியுமேயன்றி மரத்தின் வயது தெரியாது. ஸ்காட்லாந்தின் பார்ட்டிங்கல் யூ மரத்துக்கும் இதே நிலைதான். 1769-இல் 52 அடிச் சுற்றளவு காணப்பட்ட அதன் நடுப்பகுதி உளுத்துப் போயிற்று. எனவே அதன் வயதை ஈராயிரம் ஆண்டு என்பாரும், அதற்கும் மேல் என்பாரும் உளர்.

நம் ஊர்ச் சாலையோர ஆலமரங்களை எண்ணிப் பாருங்கள். போக்குவரத்துக்கு இடையூறு என்று விழுதுகள் வெட்டப்படுகின்றன. தப்பியவை தாரிலும் சிமெண்டிலும் முட்டி நிற்கின்றன. அத்தகைய மரம் ஒரே தண்டை நம்பி நிற்கிறது. அடுத்த புயலில் அது சாய்ந்தால் தாங்குவதற்கு வேறொன்றும் இராது. விழுதுகள் மண்ணை எட்ட வழிவிடுவதே அம்மரங்களுக்கு நாம் செய்யக்கூடிய முதல் பாதுகாப்பாகும்.