மணிக்கட்டு முறிவைத் தெளிந்த வரலாறு

கையூன்றி வீழ்ந்தோர்க்கு மணிக்கட்டு வீங்கிக் கோணுதல் பண்டுதொட்டு யாவரும் அறிந்ததே. ஆயினும், ஐரோப்பிய மருத்துவர் பலர் அதனை மூட்டு விலகலென்றோ சுளுக்கென்றோ நெடுங்காலம் கொண்டனர். முறிவென அறியாது விடப்பட்ட என்பு கோணலாகவே பொருந்திற்று. பிரான்சு நாட்டு லியோன் நகரத்துப் பூத்தோ என்பார் அது முறிவேயென எழுதியது 1783இல் நூலாக வெளிவந்தும், அக்கருத்துப் பரவிற்றிலது.

1814இல் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவப் பேராசிரியர் ஏபிரகாம் கொலிஸ் இதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895இலேயாம். ஆதலின், கையே அவர்க்குக் கருவியாயிற்று. நோயாளியின் கையைப் பற்றி இழுக்கக் கோணல் நீங்கும். இழுப்புத் தளர்ந்தவுடன் மீளத் தோன்றும். விலகிய மூட்டாயின், ஒருகாற் பொருந்தியபின் பெரும்பாலும் அவ்வாறே நிற்கும். வெறுஞ் சுளுக்காயின் என்பு கோணாது. எனவே, கெட்டது மூட்டன்று, அதற்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலே முறிந்த ஆரையென்பே எனத் துணிந்தார்.

எக்ஸ் கதிர் வந்தபின்னரும் கையறிவு வேண்டப்படுகின்றது. பெருவிரலடிப் பள்ளத்தை அழுத்த நோவுண்டாயின், முதற்படத்தில் ஒன்றுந் தோன்றாவிடினும், மணிக்கட்டுச் சிற்றென்புகளுள் ஒன்றாகிய படகுருவென்பு முறிந்திருத்தல் கூடும். புறக்கணிப்பின், குருதியோட்டங் குன்றி அவ்வென்பின் ஒரு பகுதி இறத்தலும் உண்டு. ஆதலாலேயே மருத்துவர் கையை அசையாது கட்டிவைத்துச் சின்னாட் கழித்து மீண்டும் ஆராய்வர்.