நெற்பயிர்க் காப்புறுதி: கிரான்

மட்டக்களப்பு மாவட்டத்தில் கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் அமைந்த கிரானில், மாரிவெள்ளம் தாம்போதியை மேவிப் பாய்ந்து புலிபாய்ந்தகல் வழியை மறிக்குங்கால், அப்பாலுள்ள பெரும்போக வயல்களின் நஷ்டத்தை அறிவிப்பதே வேளாண்மைக்காரருக்கு முதற் கஷ்டமாகிறது. இலங்கையில் நெற்காப்புறுதி 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்று, 1973இல் தனிச் சபையொன்றின் பொறுப்பாகி, 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் கடமையாயிற்று. சேதமுற்றவர் தாமதமின்றி எழுத்துமூலம் அறிவித்து, பிரதியைப் பத்திரப்படுத்தி, உத்தியோகத்தர் வந்து பார்க்கும்வரை, சேற்றிற் சாய்ந்து முளைவிட்ட கதிரை உழுதழிக்காதிருத்தல் அவசியம். இயலுமாயின் வெள்ளம் நிற்கும்போதே வரம்பு தெரியப் படமெடுத்து வைத்தல் பெரும் சகாயம். வழி துண்டிக்கப்பட்ட வயலிற் பரிசோதனை பிந்துவது பயிரிட்டவரின் குற்றமன்று. அதனைக் காரணங்காட்டி நஷ்டஈட்டைக் குறைப்பது அநீதியேயாம்.