தயிர்க் கிருமியும் ரோட்டா வைரஸும்

குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும் வைரஸ் வயிற்றுப்போக்கில் முதலிடம் ரோட்டா வைரஸுக்கு. 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர், வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து இதைக் கண்டறிந்தார்கள். உருவம் சக்கரம் போல இருந்ததால் லத்தீனில் ‘ரோட்டா’ என்ற பெயர் வந்தது. கைகழுவினாலும் முழுமையாகத் தடுக்க முடியாத கிருமி இது. பணக்கார நாட்டு மருத்துவமனைத் தொட்டில்களிலும் பரவுகிறது.

அப்படியொரு இடத்தில்தான் நன்மைக் கிருமிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில், மருத்துவமனையில் நீண்ட நாள் தங்கியிருந்த 5 முதல் 24 மாதக் குழந்தைகள் 55 பேர். 29 பேரின் பால்மாவில் மட்டும் பிஃபிடோபாக்டீரியம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற இரு நன்மைக் கிருமிகளைச் சேர்த்தார்கள். அவர்களில் 2 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சாதாரணப் பால்மா குடித்த 26 பேரில் 8 பேருக்கு. மலத்தில் ரோட்டா வைரஸ் தென்பட்டவர்கள் முறையே 3 பேர், 10 பேர். 1994இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. சிறிய சோதனைதான், ஆனால் புரோபயாடிக் எனப்படும் நன்மைக் கிருமி ஆய்வுகளுக்கு இது ஒரு தூண்டுகோல்.

தெர்மோஃபிலஸ் தயிர் உறைய உதவும் கிருமி. அதற்காக வீட்டு உறைமோரை இதற்கு ஈடாக்க முடியாது: அதில் எந்தக் கிருமி, எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதோடு, ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, மோர்கூடக் கூடாது.

கொல்கத்தாவின் நெரிசலான குடியிருப்பில் 1 முதல் 5 வயதுவரையுள்ள 3,758 குழந்தைகளிடம் புரோபயாடிக் பானத்தைச் சோதித்தபோது, தடுப்புப் பலன் 14 சதவீதமாகச் சுருங்கியது. நோய் வந்தபின் கொடுத்தாலோ நிலைமை இன்னும் மோசம். 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரு பெரிய ஆய்வுகளில் எந்தப் பயனும் தெரியவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது ஆபத்து என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

ஜிங்க் மாத்திரையின் கதை வேறு. வயிற்றுப்போக்கு கண்டதும் ஓஆர்எஸ் கரைசலுடன் 10 முதல் 14 நாள் தினம் 20 மில்லிகிராம் தரும்படி 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைத்தன. ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குப் பாதி மாத்திரை, ஒரு கரண்டி தாய்ப்பாலில் கரைத்து. இப்போதைய நோய் தணிவதோடு, அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குத் திரும்ப வருவதும் குறைகிறது.

ரோட்டாவுக்கென்றே உள்ள கவசம் சொட்டு மருந்து. டெல்லியில் பிறந்த குழந்தை ஒன்றிடம் கிடைத்த வைரஸிலிருந்து உருவான ரோட்டாவேக், டெல்லி, புனே, வேலூரில் சோதிக்கப்பட்டு 2016இல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 6, 10, 14ஆம் வாரங்களில் வாயில் ஐந்தைந்து சொட்டு.