மைதானத்தின் ஆவணங்கள்

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரையில் புகைவண்டி ஓடத் தொடங்கியது. மறு ஆண்டில் ஸ்தாபிதமான சென்னைச் சர்வகலாசாலைக்கு இப்பகுதிப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு சேர்த்த அந்த இருப்புப்பாதை, வக்கீல்களையும் வைத்தியர்களையும் மட்டுமன்றி, கழுத்தில் விசிலுடன் வந்திறங்கிய டிரில் மாஸ்டர்களையும் நமக்குத் தந்தது.

அவர்களுடைய பரம்பரைக்கு மூலபுருஷர் ஹாரி குரோ பக். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு கலாசாலையில் பயின்று, 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நம் அணியை அழைத்துச் சென்று, 1943-இல் காலமாகும் வரையில் அப்பணியிலேயே ஆழ்ந்திருந்த அந்தப் பெரியவருக்கு நம் மைதானங்கள் மிகவும் கடன்பட்டவை.

அம்மைதானங்களின் ஆட்டங்களில் ஒன்றாக, இன்று நம் சர்வகலாசாலைகள் அகில இந்திய அளவில் மோதும் சாஃப்ட்பால், 1887-இல் சிகாகோ நகரத்துப் படகுக் கழகமொன்றின் கூடத்தில், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் துடைப்பக் கட்டையை மட்டையாகவும் கொண்டு பிறந்தது. அதன் ஸ்கோர் தாளை ஒருமுறை உற்றுப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சிறிய சாய்சதுரம். ஆட்டக்காரர் ஒரு தளத்தை எட்டுந்தோறும் அதன் ஒரு பக்கம் பென்சிலால் அழுத்தி வரையப்படும். நான்கு பக்கமும் கூடினால் ஓர் ஓட்டம். யார் எத்தனையாவது இன்னிங்ஸில் எந்தத் தளத்தில் தவித்து நின்றார் என்பதைக்கூட ஐம்பது வருஷங்களுக்குப் பிறகும் அத்தாள் சொல்லிவிடும். ஆனால் கோப்பை கண்ணாடி அலமாரிக்குப் போகிறது. தாளோ பழைய பேப்பர்க் கடைக்குப் போகிறது. இது எனக்குத் தீராத துயரம்.

ஆட்டத்தின் தாளும் காக்கத் தக்கதே என்பதற்கு ஒரு சான்று: பக் பயின்ற அதே ஸ்பிரிங்ஃபீல்டில், 1891 டிசம்பரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உபாத்தியாயர் கூடைப்பந்துக்கு வகுத்த 13 விதிகள் இரண்டே தாள்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவை 2010-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போய், இப்போது கான்ஸாஸ் சர்வகலாசாலையில் பாதுகாக்கப்படுகின்றன.

அரக்கோணத்திலும் சோளிங்கரிலும் ஆம்பூரிலும் தேகப்பயிற்சி ஆசிரியர்களாயிருந்தோரின் வீட்டுப் பெட்டிகளில் அணிப் பட்டியலோ, ஸ்கோர் புத்தகமோ, பின்புறம் பெயரெழுதிய குழுப் புகைப்படமோ கிடந்தால், அன்பர்கள் அவற்றைக் கழித்துவிடாமல், தேதியும் ஊரும் குறித்து, அவர்கள் பணியாற்றிய கலாசாலையின் நூலகத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.